ஏற்றத்தின் சூடும் இறக்கத்தின் சூடும்: கராஜ் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்



மடுல்கெல்ல, பன்வில, ஹுலுகங்கை, வத்துகாமம் என்று இந்தப் பாதை நெடுகிலும் கராஜ் வைத்திருப்பவர்களுக்கும், அங்கே நின்று கை பழகுகிறவர்களுக்கும், வீட்டு முற்றத்திலேயே செயின் புளொக் கட்டி எஞ்சின் இறக்கி ஏற்றுகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். சிலருடைய அப்பாமாரோடு கொழுந்து லொறியில் ஏறி இறங்கியவன் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

பழைய வாகனத்துக்கு ஜப்பான் எஞ்சின் பூட்டுவது மலைநாட்டுக்குப் புதிதல்ல. டொயோட்டா டீசலோ இசுசு டீசலோ மாட்டிய லேண்ட் ரோவர் ஜீப்பைக் காணாதவர்கள் இங்கே யாரும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது, அதுவும் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத வரியோடு. இடையில் 2022இன் எரிபொருள் வரிசையும் வந்துபோனது. இருக்கிற வாகனத்தையே உயிரோடு வைத்திருக்க வேண்டும், குறைந்த டீசலில் ஓட்டவும் வேண்டும் என்ற கட்டாயம் அப்படித்தான் வந்தது. அதன் அடுத்த படியாக, வேனில் இருந்து எடுத்த எஞ்சினோடு ஓவர்டிரைவ் உள்ள ஒட்டோ கியர் பொக்ஸையும் அப்படியே லொறிக்கு ஏற்றுகிற வேலை இப்போது நம் பக்கமும் நடக்கிறது.

வேலையை நான் குறை சொல்ல வரவில்லை. மவுண்ட் வெட்டி ஒட்டுவதிலும், புரப்பெலர் ஷாஃப்ட்டை அளந்து சுருக்குவதிலும், கிராஸ் மெம்பரை நகர்த்துவதிலும் உங்கள் கை சுத்தம். கடைசி நாளில் இரண்டு ஒயில் குழாயும் நாலைந்து வயரும் மிச்சமிருக்கும். வாகனக்காரர் வாசலில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் கிடைத்த ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கி, வயரை முறுக்கி டேப் சுற்றி, சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அந்த இரண்டு குழாயும் நாலைந்து வயரும்தான் இந்த மடலின் விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையோடு மூன்று தொன் எடையுள்ள சிறிய லொறி 500 மீற்றர் உயரம் ஏறுகிறது என்று வையுங்கள். எடையை மேலே தூக்கவே 14.7 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒட்டோ கியரில் அந்தச் சக்தி முழுவதும் டோர்க் கன்வர்ட்டரில் இருக்கிற ஒயில் வழியாகத்தான் போகிறது. வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏறும் நம் பாதையில் கன்வர்ட்டர் நூற்றுக்கு 85 வீதம் கடத்தினால் அதுவே நல்ல கணக்கு. மிச்சம் 15 வீதம், சுமார் 2.6 மெகாஜூல், ஒயிலில் சூடாக இறங்குகிறது. கியர் பொக்ஸில் 8 லீற்றர் ஒயில் இருந்தால், வெளியேற வழியில்லாத அந்தச் சூடு ஒயிலை 180 பாகைக்கு மேல் உயர்த்தப் போதும். பொக்ஸின் உலோகமும் சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் 115 பாகையைத் தாண்டினாலே ஒயில் வார்னிஷ் படியத் தொடங்குகிறது. 125, 130 அளவில் ரப்பர் சீல்கள் கல்லாகின்றன. 145க்கு மேல் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. 80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கைக்கணக்கு.

இப்போது அதே லொறி அதே 500 மீற்றரை இறங்குகிறது. ஏறும்போது சேர்த்து வைத்த 14.7 மெகாஜூலும் எங்காவது செலவாக வேண்டும். எஞ்சின் பிடித்தால் எஞ்சினில் செலவாகும். எஞ்சின் பிடிக்காவிட்டால் எல்லாம் பிரேக் டிரம்முக்குப் போகும். நான்கு டிரம்மிலும் சேர்த்து 60 கிலோ இரும்பு இருந்தால், ஆறவிடாமல் அழுத்தி இறங்கும்போது அந்த இரும்பு 500 பாகைக்கு மேல் சூடேறப் போதுமான சக்தி அது. பிரேக் லைனிங் அவ்வளவு சூட்டைத் தாங்காது.

ஒயிலை ஆற்றும் கூலரின் குழாயும் ஓவர்டிரைவ் வயரும் தனித்தனி வேலைகளாக உங்களுக்குத் தெரியலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே வேலை. மலையின் சூட்டை ஏறும்போது கூலருக்கும் இறங்கும்போது எஞ்சினுக்கும் அனுப்பும் வழிகள் அவை. சமவெளியில், சிலாபத்திலோ மன்னாரிலோ, இதில் ஒன்று பிசகினாலும் வாகனம் கொஞ்ச காலம் ஓடும். இங்கே ஓடாது.

முதலில் குழாய்.

கூலருக்குப் போய்த் திரும்பும் ஒயில் சும்மா ஆறிவிட்டு வருவதில்லை. பெரும்பாலான பொக்ஸ்களில் திரும்பி வரும் அந்த ஒயில்தான் உள்ளே இருக்கும் புஷ்களுக்கும் பிளனட்டரி கியர்களுக்கும் மசகாகப் போகிறது. ஆகவே கூலர் அடைத்தால் சூடு மட்டுமல்ல, உராய்வும் சேர்ந்தே பொக்ஸைத் தின்னும். "கூலரை விடுங்க அண்ணே, ரெண்டு ஓட்டையையும் ஒரு ஹோஸால சேர்த்துட்டா ஓடும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓடும். முதல் ஏற்றம் வரைக்கும்.

எந்த ஓட்டை வெளியே தள்ளுவது, எது திரும்ப வாங்குவது என்பது பொக்ஸுக்குப் பொக்ஸ் மாறும். பக்கத்துக் கராஜில் செய்ததைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். இரண்டிலும் ஒவ்வொரு சுத்தமான ஹோஸ் மாட்டி, இரண்டு போத்தலுக்குள் விடுங்கள். சில்லுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரை பார்க்கில் வைத்து, அரை நிமிடத்துக்கு மேல் போகாமல் எஞ்சினை ஐட்லில் ஓடவிடுங்கள். ஒயில் வரும் பக்கம்தான் சூட்டுக் குழாய். பொதுவாக 20 முதல் 30 செக்கனுக்குள் ஏறக்குறைய ஒரு லீற்றர் வந்தால் ஓட்டம் சரி. அதைவிட மிகவும் குறைந்தால் கூலரைப் பூட்டுவதற்கு முன்பே கேள்வி கேளுங்கள்.

கியர் லொறியின் ரேடியேட்டருக்குள் ஒயில் கூலர் கிடையாது. ஒட்டோ வாகனத்து ரேடியேட்டர் கிடைத்தால் அதன் தொட்டிக்குள் இருக்கும் கூலர் முதலிலும், முன்னால் காற்றுப் படும் தனிக் கூலர் அடுத்ததாகவும், பிறகு பொக்ஸுக்கும் என்று வரிசை வையுங்கள். பனிமூட்டம் இறங்கிய காலையில் ஒயில் அளவுக்கு மேல் குளிர்ந்திருப்பதும் நல்லதல்ல. ரேடியேட்டர் தண்ணீர் அதை மெல்லச் சூடாக்கித் தரும். ரேடியேட்டர் பழசென்றால் மட்டும் இந்த வழியில் எச்சரிக்கை வேண்டும். உள்ளே ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்து ரோஸ் நிறப் பால் மாதிரி டிப் ஸ்டிக்கில் ஏறும். அதைக் கண்டபின் ஒரு மீற்றர் தூரமும் ஓட்டக்கூடாது. கிளட்ச் தட்டின் ஒட்டு தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும்.

தனிக் கூலரில் தட்டுத் தட்டாக அடுக்கியதை வாங்குங்கள், வளைத்த ஒற்றைக் குழாய்க் கூலரைவிட அது அதிகம் ஆற்றும். வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கும்படி பூட்டினால் காற்று அடைக்காது. ஏற்றத்தில் நம் லொறி 20 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவதே அபூர்வம், முன்னிருந்து வரும் காற்றை நம்ப முடியாது. சூடு பார்த்து ஓடும் சின்ன மின்விசிறி ஒன்று அவசியம் என்பது என் அழுத்தமான கருத்து. தோட்டப் பாதைச் சேறும் உதிர்ந்த கொழுந்துத் தூசியும் கூலர் இடுக்கில் ஏறி அப்பிக்கொள்ளும். கழுவுவதற்குக் கை போகும் இடம் விட்டுப் பூட்டுங்கள்.

பழைய பொக்ஸோடு வந்த பழைய கூலரை மறுபடி போடவே வேண்டாம். அதன் வயிற்றில் யாருடைய கிளட்ச் தூளும் உலோகத் தூளும் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

ஹோஸ் விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். பெற்றோல் ஹோஸும் தண்ணீர் ஹோஸும் இதற்கு உதவாது. ஒட்டோ ஒயிலுக்கும் சூட்டுக்கும் என்று எழுதிய ஹோஸ்தான் வேண்டும். செம்புக் குழாய் வளைக்க இலகு, அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் அதிர்வில் இறுகி, வெடித்து, ஒயிலைச் சைலன்சர் மேல் பீய்ச்சும். இரும்புக் குழாய் போட்டு, ஹோஸ் மாட்டும் முனையில் விளிம்பு தூக்கி, அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே கிளிப் போடுங்கள். வழுவழுவென்ற முனையில் கிளிப் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் கழலும். நட்டுகளின் மரையைப் பார்த்து மாட்டுங்கள்; ஜப்பான் மரையில் இங்கிலாந்து மரையை வலிந்து ஏற்றினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு பொக்ஸின் அலுமினியம்தான் சிதையும். வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு வால்வுத் தொகுதிக்குள் போய் ஒரு வால்வை அசையவிடாமல் பிடித்தால், கியர் மாறாத காரணத்தைத் தேடி நீங்கள் மாதக் கணக்கில் அலைய நேரிடும்.

எஞ்சின் ஆடும், சேசிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஹோஸில் தளர்வு விடுங்கள். சைலன்சரையும் புரப்பெலர் ஷாஃப்ட்டையும் விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். கூலரும் குழாயும் கூடுதல் ஒயில் குடிக்கும், ஆகவே ஓடிச் சூடான பிறகு எஞ்சின் ஐட்லில் இருக்கும்போதே அளவைப் பார்த்து ஊற்றுங்கள்.

இனி வயர். இங்கேதான் நான் எழுத உட்கார்ந்ததன் முக்கிய காரணம் இருக்கிறது.

ஓவர்டிரைவில் எஞ்சின் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் ஒரு முறைக்கு மேல் சுற்றும். பல பொக்ஸ்களில் அந்த விகிதம் சுமார் 0.7. மூன்றாவது கியரில் எஞ்சின் 3000 சுற்று ஓடும் அதே வேகத்தில், ஓவர்டிரைவில் 2100 போதும். டீசல் மிஞ்சும், சத்தம் குறையும். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிறவனுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் எஞ்சின் சுற்று குறையும் அளவுக்கு அது வாகனத்தைப் பிடித்து நிறுத்தும் வலுவும் குறையும். கடுகண்ணாவை இறக்கத்திலோ, ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவிலோ, நம் மடுல்கெல்லவில் இருந்து வத்துகாமத்துக்கு இறங்கும்போதோ ஓவர்டிரைவ் விழுந்திருந்தால் எஞ்சின் பிடி மிகக் குறைவு. சூட்டின் பெரும்பகுதி டிரம்முக்கு.

பழைய லேண்ட் ரோவரின் கியர் பொக்ஸுக்குப் பின்னால் பூட்டிய ஃபேரி ஓவர்டிரைவுக்கு வயரே கிடையாது. கையால் தள்ளும் ஒரு தண்டு, விழுந்ததா எழுந்ததா என்று கைக்கே தெரியும். இப்போது வருகிறவற்றில் ஒரு பொத்தானும், மின்சாரத்தால் வால்வை அசைக்கும் சொலினொயிட்டும்தான். டிரைவருக்குத் தெரிய வேண்டுமென்றால் நீங்கள்தான் தெரிய வைக்க வேண்டும். ஜப்பான்காரன் அதற்காகவே டாஷ்போர்டில் ஓவர்டிரைவ் ஓஃப் என்று ஒரு விளக்கு வைத்தான். நம் மாற்று வேலைகளில் முதலில் காணாமல் போவது அந்த விளக்கு. தயவுசெய்து அதைக் கொண்டுவாருங்கள்.

சொலினொயிட்டுக்கு மின்சாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதிலும் எல்லாப் பொக்ஸும் ஒன்றல்ல. வொல்வோ 240 காரில் வந்த ஐசின் பொக்ஸில் மின்சாரம் கிடைத்தால்தான் நாலாவது கியர். ரிலே செத்தால் ஓவர்டிரைவே வராது. பழைய ஜாட்கோ பொக்ஸ்கள் சிலவற்றில் இதற்கு நேரெதிர்: ஓவர்டிரைவை ரத்துச் செய்யத்தான் மின்சாரம். இந்த இரண்டாவது வகையில் ஒரு வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிரைவர் பொத்தானை அமுக்குவார், விளக்கும் எரியலாம், ஓவர்டிரைவ் விழுந்தபடியே இருக்கும். முதல் வகையில் வயர் அறுந்தால் டீசல் மட்டும் கூடப் போகும், இரண்டாவதில் அறுந்தால் இறக்கத்தில் பிடி போகும். கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் ஒரு வயரும் தொடாதீர்கள். இரண்டாவது வகையென்றால் வண்டியை ஒப்படைக்கும்போது டிரைவரிடம் சொல்லுங்கள்: இறக்கம் தொடங்குமுன் பொத்தானை அமுக்கி, எஞ்சின் சத்தம் ஏறுகிறதா என்று கேட்டுப் பார், ஏறாவிட்டால் நெம்புகோலை 2க்கு இழு.

அடுத்தது வோல்ட்டேஜ். வேனில் இருந்து வந்த பொக்ஸ் 12 வோல்ட். இசுசு எல்ஃப் போன்ற பல ஜப்பான் லொறிகள் 24 வோல்ட். டொயோட்டா பொக்ஸ்களில் கியர் மாற்றும் சொலினொயிட்டின் எதிர்ப்பு 11 முதல் 15 ஓம் இருக்கும். 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு அம்பியர் இழுக்கும் அது, 24 வோல்ட்டில் இரண்டு அம்பியர் இழுக்கும், சூடோ நாலு மடங்காகும். சூடான ஒயிலுக்குள் கிடந்து அந்தச் சுருள் கருகும். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் திருடுவதும் வழியல்ல, அந்தப் பற்றரி சமனிழந்து சீக்கிரம் சாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடுங்கள். சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து, 5 அம்பியர் பியூஸோடு எடுங்கள்.

ஏர்த். ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும் பொக்ஸுக்குத் தானாக ஏர்த் வராது. பெயிண்டைச் சுரண்டி, சேசிஸில் இருந்து தடித்த பட்டை ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டம் வேறு வழி தேடும். அந்த வழி அக்ஸிலரேட்டர் கேபிளாக இருக்கும், அல்லது நீங்கள் இவ்வளவு கவனமாக வளைத்துப் போட்ட கூலர் குழாயாக இருக்கும்.

கொம்பியூட்டரால் ஓடும் பொக்ஸை, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வயரிங்கை வெட்டித் தந்தால் வாங்கவே வேண்டாம். கொம்பியூட்டர், வேக சென்ஸர், திரொட்டில் சென்ஸர் எல்லாம் அதே வண்டியிலிருந்து முழு வயரிங்கோடு வர வேண்டும். பழைய மெக்கானிக்கல் டீசலில் திரொட்டில் சென்ஸர் கிடையாது, டீசல் பம்பின் நெம்புகோலில் ஒன்றைப் பூட்டித் தராவிட்டால் கொம்பியூட்டருக்கு டிரைவரின் கால் தெரியாது. சொலினொயிட்களுக்கு நேரே டொக்கிள் சுவிட்ச் போட்டுக் கையால் கியர் மாற்றுவதைச் சாமர்த்தியம் என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம்.

திரொட்டில் கேபிள் உள்ள பொக்ஸில் அதுதான் உயிர். டொயோட்டாவில் பெடலை முழுதும் அமுக்கியபோது கேபிளின் நிறுத்துக் குமிழுக்கும் உறை முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றர்தான். கேபிள் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, சுமை ஏற ஏறக் கிளட்ச் வழுக்கி எரியும்.

நியூட்ரல் சுவிட்சைத் தவிர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்க்கிலும் நியூட்ரலிலும் தவிர ஸ்டார்ட் எடுக்காமல் தடுப்பது அது. இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் எல்லா நிலையிலும் ஸ்டார்ட் எடுக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். நம் லொறிகளுக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். கொழுந்துச் சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அம்மாமார் நிற்கும் இடத்தில், ரிவர்ஸில் கிடந்த ஒரு லொறி சாவியைத் திருப்பியதும் பாய்ந்தால் என்ன ஆகும்? அந்த இரண்டு வயரைச் சேர்க்க எனக்குக் கை வராது. உங்களுக்கும் வரக்கூடாது.

நம்மில் மிகப் பெரும்பாலோர் மொரட்டுவை ஜேர்மன் டெக்கில் படித்தவர்களல்ல. ஒரு பாஸின் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் படித்தவர்கள். மெனுவல் கிடைத்தாலும் ஜப்பான் மொழியில் அல்லது ஆங்கிலத்தில். தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழில் வயரிங் படம் தருவார் இல்லை. அதற்காகவே கேட்கிறேன்: கழற்றுமுன் ஒவ்வொரு பிளக்கையும் போனில் படம் எடுங்கள். பூட்டிய பின் எந்த வயர், என்ன நிறம், எங்கிருந்து எங்கே, எந்தப் பியூஸ் என்று ஒரு தாளில் தமிழில் வரையுங்கள். அந்தத் தாளை வாகனக்காரருக்கு ஒன்று, கராஜுக்கு ஒன்று என்று வையுங்கள். எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியச் சொல்லியும் அனுப்புங்கள். நாளைக்கு இன்னொருவர் அந்த லொறிக்குக் கீழே படுக்கும்போது ஊகிக்க வேண்டியிருக்காது.

ஒவ்வொரு பொக்ஸின் பெயர், எண், கூலர் வாய் எது, சொலினொயிட் எந்த வகை என்று எல்லோருடைய தாளையும் ஒரே கொப்பியில் சேர்க்க எனக்கு ஆசை. வரைந்தவர்கள் ஒரு பிரதி கொண்டுவந்து தாருங்கள். சந்தேகமுள்ள பொக்ஸ் இருந்தால் பூட்டுவதற்கு முன்பே சொல்லியனுப்புங்கள், மீற்றரோடு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு நான் வீட்டில்தான்.

அன்புடன்,
மடுல்கெல்லவிலிருந்து உங்கள் ஒட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்